கீபோர்டு ஸ்டைல் விற்றால் காப்பிரைட் பிரச்சினை வருமா? அவசரம்

தண்டையார்பேட்டை கீஸ்:
கீபோர்டில் பட்டனைத் தட்டினால் தானாக ஓடும் தாளம், பேஸ், கார்டு பின்னணி பைல்தான் ஸ்டைல். என் ஸ்டைல்களைப் பென்டிரைவில் போட்டு விற்கிறேன். ஒருத்தர் போன் பண்ணி கேஸ் போடுவேன் என்கிறார். ஸ்டைலுக்கெல்லாம் காப்பிரைட் உண்டா? சனிக்கிழமை ராயபுரத்தில் கல்யாண ரிசப்ஷன், அங்கேயும் வாசிக்கக் கூடாதாம்.

ராயபுரம் ரிதம்:
என்ன கீபோர்டு தலைவா? நீங்களே போட்டதா, பெட்டிக்குள் இருந்ததை மாற்றினதா?

காசிமேடு பேட்:
போன் பண்ணினவர் பாட்டுக்குச் சொந்தக்காரரா, ஸ்டைல் விற்கிறவரா?

கொருக்குப்பேட்டை குமார்:
எட்டு பார் (தாளச் சுற்று) வரைக்கும் எடுத்தால் கேஸ் நிற்காது. பயப்படாதீங்க.

பெரம்பூர் பெரியவர்:
எட்டு பார் கணக்கு எந்தச் சட்டத்திலும் கிடையாது. இதை இங்கே எத்தனை தடவை எழுதுவது? பழைய இழையைத் தேடிப் படிக்கிற பழக்கமே யாருக்கும் இல்லை. 1957 காப்பிரைட் சட்டத்தில் இசைப் படைப்பு வேறு, ஒலிப்பதிவு வேறு. ஆறெட்டு (6/8) தாள நடை யாருக்கும் சொந்தமில்லை. அதன் மேல் ஒருத்தர் யோசித்து அடுக்கிய பேஸ், ஃபில் (இடையில் வரும் தாளத் துணுக்கு), கிடார் வரிசைக்கு உரிமை கேட்க இடமுண்டு. இன்ட்ரோவில் சினிமா பிஜிஎம் இருந்தால் அது பாட்டின் உரிமைக்காரர் விஷயம். பைல் பெயரை மாற்றினால் மட்டும் உன்னுடையது ஆகாது தம்பி.

ராயபுரம் ரிதம்:
ரிசப்ஷனுக்குப் பயம் வேண்டாம். 52-ஆம் பிரிவில் கல்யாணமும் அதை ஒட்டிய கொண்டாட்டமும் விலக்கில் வருகிறது. ஆனால் அது வாசிப்பதற்குத்தான், பைலை நகலெடுத்து விற்பதற்கு இல்லை.

காசிமேடு பேட்:
ஸ்டைலே வேண்டாம் என்கிறேன். கானாவுக்கு டோலக்கை ஆள்தான் வாசிக்கணும். இடது கையின் இழுவை பெட்டியில் வராது. ஒரு பட்டனில் நாலு பேர் சம்பளம் போகிறது.

கொருக்குப்பேட்டை குமார்:
நாலு பேருக்குக் கொடுக்க மண்டபக்காரர் தயாரா? பட்ஜெட்டைக் கேட்டுட்டுப் பேசுங்க.

காசிமேடு பேட்:
பட்ஜெட்டைக் குறைத்ததே ஸ்டைல்காரங்கதான்.

பெரம்பூர் பெரியவர்:
அதற்குத் தனி இழை போடுங்கள். தம்பி, ஸ்டைலில் ஒவ்வொரு வாத்தியச் சேனலாக மியூட் பண்ணிக் கேள். வெறும் மிடி நோட்டா (எந்த ஸ்வரம் எப்போது என்ற குறிப்பு), பதிவு செய்த லூப்பா (திரும்பத் திரும்ப ஓடும் ஒலித்துண்டு) என்று தெரியும். விலைக்கு வாங்கிய ஸ்டைல் பேக்கில் (தொகுப்பில்) பெரும்பாலும் வாசிக்கத்தான் உரிமம், மறுபடி விற்க இல்லை.

தண்டையார்பேட்டை கீஸ்:
யமஹா எஸ்எக்ஸ் 700. பேஸும் கார்டும் நான் போட்டது. ஸ்டைலின் மெயின் பி என்ற பகுதியில் வரும் டோலக் மட்டும் வாங்கின பேக்கில் இருந்து வந்த லூப். போன் பண்ணினவர் அந்த பேக்கை விற்றவர்தான். லூப்பை எடுத்துவிட்டேன், வாங்கினவங்களுக்கும் புது பைல் அனுப்புகிறேன். நன்றி அண்ணா.