‘ஹீட் சைக்கிள்’: டயருக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

உட்லண்ட்ஸிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரிலிருந்து மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்துக்குச் சொந்தக் காரை ஓட்டிப் போகிறவர்களுக்கான டயர் கையேடு முக்கால்வாசி முடிந்துவிட்டது. பிடிமானம், தேய்மானம், தோள், பக்கச்சுவர், காற்றழுத்தம் எல்லாம் ஏற்கெனவே பேசி முடித்த சொற்கள். டயரை டயர் என்றே விட்டிருக்கிறேன். ‘உருளிப்பட்டை’ என்று எழுதி யாரையும் விரட்ட வேண்டாம். இடிக்கிற ஒரே சொல் ‘ஹீட் சைக்கிள்’, அதாவது டயர் தடத்தில் ஒருமுறை சூடேறி மறுபடி ஆறுவது. வரைவில் ‘வெப்பச் சுழற்சி’ என்று போட்டேன், படித்துப் பார்த்தால் எனக்கே பிடிக்கவில்லை. முன் டயரைப் பின்னால் மாற்றுவதும் அதே பக்கத்தில் ‘டயர் சுழற்சி’. சக்கரம் சுற்றுவதும் சுழற்சி. ஒரு பத்தியில் மூன்று சுழற்சி வந்தால் படிப்பவருக்குத் தலைதான் சுழலும்.

இந்தச் சொல் ஏன் முக்கியம் என்றால், டயரின் ஆயுளை நாம் ஒரே கடிகாரத்தால் அளக்கிறோம். பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) ஆழம் எத்தனை மில்லிமீட்டர், பக்கச்சுவரில் எழுதிய தேய்மான எண் 200-ஆ 300-ஆ, அவ்வளவுதான். அந்த எண் அமெரிக்க முறைப்படி சாலையில் ஏறக்குறைய 11,600 கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, தயாரிப்பாளரே போட்டுக்கொள்வது. தடத்தில் 90 பாகை வெப்பத்தில் ரப்பர் என்ன ஆகும் என்று அது சொல்லாது. பட்டன் 5 மில்லிமீட்டர் இருக்கும், போத்தாக் (மொட்டை) ஆகியிருக்காது, ஆனால் பிடி செத்திருக்கும். பழைய டயர் வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான். எத்தனை முறை சூடேறி ஆறியது என்று காட்டும் இரண்டாவது கடிகாரத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள்.

ஈசூனிலிருந்து

அண்ணே, ‘வேக்காடு’ என்று வைக்கலாமே. “அரிசி இன்னும் ஒரு வேக்காடு வேகணும்” என்று வீட்டில் சொல்கிறோம். எண்ணிச் சொல்லவும் வரும்: இந்த டயர் பன்னிரண்டு வேக்காடு கண்டது.

சொல் மட்டுமல்ல, நடப்பதும் அதுதான். ஆலையில் கந்தகம் சேர்த்துச் சூடேற்றி ரப்பரை வேகவைக்கிறார்கள். தடத்தில் சூடேறும்போது அந்த வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்கிறது. பிணைப்புகள் கூடுகின்றன, மென்மை தந்த எண்ணெய்ப்பசை வெளியேறுகிறது, ரப்பர் இறுகுகிறது. இறுகிய ரப்பர் தார்ச்சாலையின் நுண்குழிகளில் இறங்காது. அதனால்தான் பட்டன் இருந்தும் பிடி போகிறது.

காற்றழுத்தம் பிசகினால் ஒவ்வொரு வேக்காடும் அதிக வேக்காடாகும். காலையில் நிழலில் 32 பாகையில் 28 பிஎஸ்ஐ வைத்தால், உள்காற்று 75 பாகை தொடும்போது 34 ஆகும். தேய்மான எண் 200 உள்ள டயர்கள் பலவற்றுக்கு 34 முதல் 36 வரை நல்ல இடம். வழியில் நெடுஞ்சாலை நிறுத்தத்தில், டயர் சூடாக இருக்கும்போதே 28 என்று காற்றை இறக்கிவிட்டுத் தடத்துக்கு வருபவர்கள் உண்டு. குளிர்ந்தால் அது 25-க்கே வந்துவிடும். பிறகு தோள் மடிந்து, ஓரம் மட்டும் வெந்துபோகும்.

தெம்பனிஸிலிருந்து

தம்பி, சொல் வாய்க்கு நன்றாக வருகிறது. ஆனால் “இன்னைக்கு ஒரே வேக்காடு” என்றால் நம் ஊரில் புழுக்கம். மின்விசிறி ஓடாத வீட்டுக்கும் டயருக்கும் ஒரே சொல்லா?

அதைவிடப் பெரிய ஐயம் ஒன்று. எது ஒரு வேக்காடு? ஒரு நாளில் இருபது நிமிட ஓட்டம் நான்கு. நான்கு வேக்காடு என்று கணக்கெழுதலாமா? செப்பாங்கில் நண்பகலில் தார்த்தரை 50 பாகையைத் தாண்டும். வெயிலில் நிறுத்திய கார் அரை மணி நேரத்தில் எங்கே ஆறுகிறது? முழுக்கச் சூடேறி, கைவைத்தால் சாதாரண வெப்பம் என்று தோன்றும் அளவுக்கு ஆறினால்தான் ஒன்று முடிந்தது. ஆறாமலே மறுபடி ஓடினால் அது அதே வேக்காட்டின் நீட்சி. ஆகவே சொல்லில் ‘ஆறுதல்’ தெரிய வேண்டும் என்பது என் கட்சி. ‘காய்ந்தாறல்’ எப்படி? பாலைக் காய்ச்சி ஆற்றுகிறோம் அல்லவா.

நெடுஞ்சாலைப் பயணம் கணக்கில் வராது. சிங்கப்பூரிலிருந்து செப்பாங் போய்வர 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடினாலும், நேர்ச்சாலையில் ரப்பர் தடத்தின் சூட்டை எட்டாது. அங்கே போவது பட்டன் மட்டும்.

ஜூரோங்கிலிருந்து

‘ஈடு’ என்றும் ஒருவர் தனிமடலில் கேட்டார்: முதல் ஈடு, இரண்டாம் ஈடு என்று இட்லிக்குச் சொல்வதுபோல. அழகான சொல், ஆனால் பொருந்தாது. ஈடு மாறினால் இட்லி புதிது; இங்கே வேகுவது அதே டயர். அக்கா சொன்ன ‘காய்ந்தாறல்’ பொருளில் சரி. ஆனால் “பதினெட்டுக் காய்ந்தாறல் கண்ட டயர்” என்று பிட்டில் (தடத்தோரம் கார் நிறுத்தும் இடத்தில்) நின்று ஒருவரும் சொல்லமாட்டார்.

நான் முன்வைப்பது ‘புடம்’. சித்த மருந்து செய்கிறவர்கள் சரக்கை அகலில் வைத்து, சீலைமண் பூசி, வறட்டி அடுக்கி எரித்து, தானாக ஆறிய பிறகுதான் பிரிப்பார்கள். அது ஒரு புடம். சூடும் உண்டு, ஆறுவதும் உண்டு, எண்ணிக்கையும் உண்டு. சரக்கின் குணமே மாறுகிறது.

புது டயரின் முதல் ஓட்டம் இதேதான். முதல் இரண்டு சுற்று மெதுவாக; அடுத்த ஏழெட்டு நிமிடம் படிப்படியாக வேகம் கூட்டி, சக்கரம் சறுக்காமல், திடீர்த் தடை போடாமல்; கடைசிச் சுற்று ஆறவிட்டபடி உள்ளே வருவது. பிறகு 24 மணி நேரம் நிழலில் ஓய்வு. சூட்டில் அறுந்த பலவீனமான பிணைப்புகள் அந்த ஓய்வில் சீராக மறுபடி சேர்கின்றன. இப்படிச் செய்த டயர் பின்னால் மெதுவாகத்தான் இறுகும். புது டயரைப் பூட்டி முதல் ஓட்டத்திலேயே முழு வேகத்தில் அடித்தால், முழு ஆழத்தில் நிற்கும் பட்டன்கள் நெளிந்து, சூடேறி, துண்டு துண்டாகப் பிய்ந்து வரும். டயர் மோசம் என்று கடைக்காரரைத் திட்டுவதில் பயனில்லை.

ஒருநாள் நிகழ்ச்சிக்கு வந்தவர் 24 மணி நேரத்துக்கு எங்கே போவார்? வழி ஒன்று உண்டு. பழைய டயரின் கடைசி நாளில், கடைசி ஓட்டத்துக்குப் புதியதைப் பூட்டுங்கள். சூடு ஏற்றியாகிவிட்டது, வீடு திரும்பி 24 மணி நேர ஓய்வு கொடுத்தால் புடம் முடிந்தது.

தெம்பனிஸிலிருந்து

புடம் அருமை. ஆனால் புடம் போட்ட தங்கம் என்றால் மாற்று கூடும் என்றுதான் தமிழ் மனம் நினைக்கும். டயருக்கு முதல் புடம் நல்லது, பத்தாவது கேடு. “முப்பது புடம் போட்ட டயர் விற்பனைக்கு” என்று விளம்பரம் வந்தால் நம் ஆட்கள் கூடுதல் விலை கொடுத்து வாங்கிவிடுவார்கள்!

ஈசூனிலிருந்து

அக்கா, அப்படியானால் இரண்டையும் வைத்துக்கொள்வோம். முதல் முறை வேண்டுமென்றே செய்வது புடம். அதற்குப் பிறகு நாம் விரும்பாமலே ஏறும் கணக்கு வேக்காடு. ஆங்கிலம் ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துக் குழப்புகிறது, நாமும் அதே குழப்பத்தைச் சுமக்க வேண்டுமா? ‘டயர் வேக்காடு’ என்று சேர்த்துச் சொன்னால் புழுக்கம் நினைவுக்கு வராது.

டயர் தேர்வுப் பகுதியையும் இப்படித் தெளிவாக எழுதலாம். யோக்கோஹாமா ஏ052 சீக்கிரம் சூடேறி முதல் சில சுற்றுகளில் அபாரமாகப் பிடிக்கும். நம் வெயிலில் தொடர்ந்து அடித்தால் கொழகொழவென்று வழுக்கும். ஹான்கூக் ஆர்எஸ்4 அந்த உச்சத்தைத் தராது, ஆனால் நீண்ட ஓட்டத்தில் தளராது, பல வேக்காடு தாங்கும். கற்றுக்கொள்கிறவருக்கு என் ஓட்டு இரண்டாவதற்கு. மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மழையிலும் சாலையிலும் நம்பலாம். கனமான காரில் தடத்துக்குப் போனால் தோள் முதலில் போகும். நான்கங் ஏஆர்-1 காய்ந்த தடத்துக்கானது. பிற்பகல் இடிமழையில் அதைப் பூட்டி நெடுஞ்சாலையில் வீடு திரும்புவது வேண்டாத வேலை.

உட்லண்ட்ஸிலிருந்து

இரண்டு சொல் என்பதையே எடுத்துக்கொள்கிறேன். பதிவு இப்படி:

*டயர் வேக்காடு*: தடத்தில் டயர் தன் வேலை வெப்பத்துக்கு ஏறி, பிறகு சுற்றுப்புற வெப்பத்துக்கு ஆறி முடிவது ஒரு வேக்காடு. இடையில் ஆறாவிட்டால் எண்ணக் கூடாது. காட்டு: “பட்டன் இருக்கிறது, ஆனால் வேக்காடு ஏறிவிட்டது.”

*புடம்*: புது டயரின் முதல், மெதுவான வேக்காடும் அதையடுத்த 24 மணி நேர ஓய்வும். வினை: புடமிடு.

கையேட்டின் பின்னட்டையில் ஒரு பதிவட்டை சேர்க்கிறேன். பத்திகள்: தேதி, வேக்காடு எண், குளிர் அழுத்தம், சூட்டு அழுத்தம், கடினமானி (ரப்பரின் இறுக்கத்தை அளக்கும் கருவி) அளவு. கடினமானியைக் காலையில் நிழலில், டயர் ஆறியிருக்கும்போது, ஒரே பட்டனில் ஐந்து இடத்தில் வைத்துச் சராசரி எடுக்க வேண்டும். சூடான ரப்பர் எப்போதும் மென்மையாகவே காட்டும். புதிதில் எழுதிய எண்ணிலிருந்து எத்தனை ஏறியிருக்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும், எண்ணை மட்டும் பார்த்துப் பயனில்லை. நான்கு சக்கரத்துக்கும் தனித்தனி வரிசை. செப்பாங் வலச்சுற்றுத் தடம், இடது முன் டயர்தான் முதலில் வேகும்.

டயர்களை முன்பின், இடவலம் மாற்றுவதற்கு ‘இடமாற்றம்’ என்று எழுதிவிட்டேன், சுழற்சி எங்குமே இல்லை. ஒரே திசையில் மட்டும் உருள வேண்டிய ஒருதிசை டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்டாமல் இடவலம் மாற்ற முடியாது என்ற வரியும் அங்கே உண்டு. ‘ஒருதிசை டயர்’ பற்றி யாருக்காவது மறுப்பு இருந்தால் அச்சுக்குப் போகும் முன் சொல்லிவிடுங்கள்.