சலூன் பிளேடு பயமும் குப்பைக் கவர்ல இருந்த ஊசியும்

நான் அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்துல கவுன்சிலரா இருக்கேன். எச்ஐவி டெஸ்டுக்கு வர்றவங்க ரத்தம் குடுக்குறதுக்கு முன்னாடி என்கிட்டதான் உக்காந்து பேசுவாங்க. இந்தக் குரூப்ல பிளேடு கீறுனது, ஊசி குத்துனது, எச்ஐவி வந்துடுமோன்னு நிறைய பேரு பயந்து எழுதுறதப் படிச்சதும் நான் பாத்த ரெண்டு பேரப் பத்தி சொல்லணும்னு தோணுச்சு. ஆளு யாருன்னு தெரியாத மாதிரிதான் சொல்றேன்.

ஒரு தம்பி வந்தாரு. ஊர்த்திருவிழா சமயம், சலூன்ல நல்ல கூட்டம், ஷேவ் பண்றப்ப தாடைக்குக் கீழ லேசா கீறிடுச்சு, கடைக்காரர் படிகாரக் கல்ல எடுத்துத் தேச்சு விட்டுருக்காரு. பிளேடு புதுசுதான், பாதியா உடைச்சு மாட்டுனத இவரே கண்ணால பாத்திருக்காரு. ஆனா வீட்டுக்கு வந்தப்புறம் அந்தப் படிகாரக் கல்லு மனசுல ஏறி உக்காந்துக்கிச்சு. எனக்கு முன்னாடி உக்காந்தவரு ரத்தம் அதுல ஒட்டியிருந்தா? ராத்திரி பூரா மொபைல்ல தேடுறது, தொண்டை கட்டுனா அதுவும் அறிகுறி, வேர்த்தா அதுவும் அறிகுறின்னு நெனைக்கிறது. மூணு மாசம் தாண்டி எடுத்த டெஸ்டும் நெகட்டிவ், பிரைவேட் லேப்லயும் நெகட்டிவ், அப்பவும் "இன்னொரு தடவ எடுத்துருங்க மேடம்"னு கையெடுத்துக் கும்பிடுறாரு. நிச்சயம் பண்ணுன கல்யாணத்தையே தள்ளிப் போட்டுட்டாரு.

அவர்ட்ட சொன்னத உங்களுக்கும் சொல்றேன். எச்ஐவி வைரஸ் உடம்புக்கு வெளிய வந்து காஞ்சுச்சுன்னா சீக்கிரமே வலுவிழந்துடும். ஆஸ்பத்திரில பாசிட்டிவ் நோயாளிக்குப் போட்ட ஊசி, உள்ள ஈர ரத்தத்தோட நர்ஸ் கையில ஆழமா குத்துனாலே, மருந்து எதுவும் எடுக்கலைன்னாலும் ஆயிரத்துல சுமாரா மூணு பேருக்குத்தான் தொத்தும். நெலமை அப்படி இருக்கறப்ப காஞ்ச கல்லு என்ன பண்ணிடும்? பிளேடு மாத்தச் சொல்றது சரிதான், கண்டிப்பா மாத்தச் சொல்லுங்க, ஆனா அதுக்குப் பெரிய காரணம் கல்லீரலத் தாக்குற ஹெபடைட்டிஸ் பி. அந்த வைரஸ் காஞ்ச ரத்தத்துல கூட ஒரு வாரம் தாங்கும், ஆனா அதுக்குத் தடுப்பூசி இருக்கு. அந்தத் தம்பிக்கு இனி டெஸ்ட் தேவையில்ல, தேவை மனநல டாக்டர்தான்னு நானே ஓபிக்குக் கூட்டிட்டுப் போனேன். இப்ப தூக்கம் வருதுன்னு சொல்றாரு.

எச்ஐவி இருக்கறவங்க தியேட்டர் சீட்டுல ஊசி வச்சிருக்காங்கன்னு வர்ற வாட்ஸப் மெசேஜ் ரொம்ப வருஷமா சுத்துது, அதப் பாத்தாலே எனக்குக் கோவம் வரும். மாத்திரைய ஒழுங்காப் போட்டு, டெஸ்ட்ல வைரஸே தெரியாத அளவுக்குக் குறைச்சு வச்சிருக்கறவங்ககிட்ட இருந்து உடலுறவுல கூட தொத்தாது. அவங்களப் போய் வில்லன் மாதிரி காட்டுறாங்க.

இப்படி ஆபத்தே இல்லாதவங்க திரும்பத் திரும்ப வர்றாங்க, வர வேண்டியவங்க வர்றதில்ல. ஒரு ஆஸ்பத்திரில ஹவுஸ்கீப்பிங் வேலை பாக்குற அக்கா, சாதாரண குப்பை போடுற கவர இறுக்கிக் கட்டுறப்ப உள்ள மூடி இல்லாம கிடந்த ஊசி கிளவுஸத் தாண்டி கட்டைவிரல் அடியில ஏறிடுச்சு. ஊசியெல்லாம் குத்தித் தொளைக்க முடியாத வெள்ளை டப்பாலதான் போடணும், அதுதான் ரூல், யாரோ அவசரத்துல கவர்ல வீசிட்டாங்க. இந்த அக்கா மஞ்சள வச்சு அமுக்கிட்டு வாயத் தொறக்கல, சூப்பர்வைசருக்குத் தெரிஞ்சா வேலை போயிடும்னு பயம். நர்சிங் படிக்கிற மக கையில வீக்கத்தப் பாத்துக் கேட்டு, மூணாவது நாள் காலைல இழுத்துட்டு வந்துச்சு. எச்ஐவி தொத்தாம இருக்கக் குடுக்குற தடுப்பு மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், முதல் ரெண்டு மணி நேரத்துலயே ஆரம்பிச்சா இன்னும் நல்லது. பேசிட்டு இருக்காம நேரா ஏஆர்டி (எச்ஐவி சிகிச்சை) டாக்டர்ட்ட ஓடுனோம், மொத மாத்திரைய அங்கயே முழுங்க வச்சாங்க. 28 நாளும் குமட்டலோட விடாமப் போட்டாங்க, அப்புறம் எடுத்த டெஸ்ட் எல்லாம் நெகட்டிவ். "யாருக்கும் தெரிஞ்சிடாதே கண்ணு?"ன்னு வர்றப்பல்லாம் கேப்பாங்க. 2017ல வந்த எச்ஐவி சட்டப்படி உங்க சம்மதம் இல்லாம ரிசல்ட்ட நாங்க வெளிய சொல்ல முடியாதுக்கான்னு ஒவ்வொரு தடவையும் சொல்லுவேன்.

நிஜமாவே ரத்தம் பட்ட ஊசி குத்துனா சோப்பு போட்டு ஓடுற தண்ணில கழுவுங்க, பிதுக்காதீங்க, மஞ்சள் டெட்டால் எதுவும் வேணாம், அன்னைக்கே ஜிஎச் கேஷுவாலிட்டிக்குப் போயிடுங்க. என்ன பண்றதுன்னு தெரியலன்னா 1097க்கு அடிங்க, காசு கிடையாது.

அத்தன வருஷம் ஊசிக்கு நடுவுல வேலை பாத்த அந்த அக்காவுக்கு ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி ஒரு டோஸ் கூட யாரும் போடல, அதுதான் எனக்கு இன்னும் ஆறல. இங்க ஆஸ்பத்திரி, கிளினிக், லேப்ல வேலை பாக்குறவங்க இருந்தா, உங்க எடத்துல கூட்டிப் பெருக்குறவங்களுக்கு மூணு டோஸும் போட்டாச்சான்னு நாளைக்கே கேட்டுட்டு வந்து எழுதுங்க.