பைகார்பனேட் மாத்திரையைக் கக்கிவிடுகிறாள், வேலூர் பக்கம் சிட்ரேட் சிரப் கிடைக்குமா?

குடியாத்தத்திலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு மூன்று வயது, எடை 11 கிலோதான். டிஸ்டல் ஆர்.டி.ஏ. என்ற சிறுநீரகக் குழாய்க் கோளாறு. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது. போன மாத ரத்தப் பரிசோதனையில், அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 15தான் இருந்தது; 22-க்கு மேல் வரவேண்டுமாம். சோடியம் பைகார்பனேட் 500 மி.கி. மாத்திரை, தினமும் நான்கு வேளை. பொடித்துத் தண்ணீரில் கொடுத்தால் ஒரு ஏப்பம், அதோடு எல்லாம் வெளியே. உள்ளே எவ்வளவு தங்கியது என்று யார் கண்டது? தேனில் குழைத்தும் பார்த்தாயிற்று, துப்புகிறாள். மோரில் போட்டால் நுரைத்துப் பொங்குகிறது. புளிப்பில் கலந்தால் மருந்தே வீண் என்றார் டாக்டர். அப்புறம் சோடியம் சிட்ரேட், சிட்ரிக் அமிலம் சேர்ந்த சிரப் எழுதினார். இங்கே எந்தக் கடையிலும் இல்லை. அளவெல்லாம் டாக்டர் பார்த்துக்கொள்வார்.

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் இந்த சிரப் மாதாமாதம் தவறாமல் எந்தக் கடையில் கிடைக்கிறது?