கொரிய மொழியைப் பட்டப்படிப்பாக எடுத்தவர்களின் அனுபவங்கள்

டெல்லி ஜேஎன்யுவில் கொரிய மொழியில் பி.ஏ. ஆனர்ஸ் முடித்தவன். சொந்த ஊர் ஈரோடு. "சீரியல் பார்த்தே கத்துக்கலாமே, இதுக்கு எதுக்கு மூணு வருஷம்?" என்று சொந்தக்காரர்கள் இன்றைக்கும் கேட்கிறார்கள். கடையில் விலை கேட்கவும் நாலு வார்த்தை பேசவும் மாலை வகுப்பே போதும். ஆனால் அந்த மக்கள் ஏன் இப்படிப் பேசுகிறார்கள், அந்த மொழிக்காக என்னென்ன பட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு இந்தப் படிப்பு தேவைப்பட்டது.

எழுத்துக்கு யாரும் பயப்பட வேண்டாம். செஜோங் மன்னர் 1443இல் உருவாக்கி 1446இல் வெளியிட்டது. அடிப்படை எழுத்துகள் 24தான். உயிர்மெய் பழகிய நமக்கு அந்த அமைப்பு சீக்கிரம் பிடிபட்டுவிடும்.

சிரமம் காதில்தான். சந்திரன், முகமூடி, மகள் மூன்றுக்குமான கொரியச் சொற்களைத் தமிழில் எழுதிப் பார்த்தால் ‘தல்’, ‘தல்’, ‘த்தல்’ என்றுதான் வரும். மூன்றாவது நமக்குச் சுலபம். ‘பத்து’, ‘முத்து’ என்னும்போது நாக்கில் விழும் அதே அழுத்தம். முதல் இரண்டும்தான் பாடாய்ப் படுத்தும். வாய்க்கு நேராகக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, எந்தச் சொல்லுக்கு மூச்சில் காகிதம் ஆடுகிறது என்று மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தோம். அப்புறம் ஆசிரியை ஒரு விஷயம் சொன்னார்: சியோலின் இளைய தலைமுறை இப்போது மூச்சைவிடச் சுருதியை வைத்துத்தான் இந்த இரண்டையும் பிரிக்கிறது. சந்திரன் தாழ்ந்து ஒலிக்கும், முகமூடி உயர்ந்து ஒலிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குக் காது திறந்தது.

சொற்கள் சேரும்போது ஒலி மாறுவதை வகுப்பில் பலர் அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தார்கள். ‘குக்’கும் ‘முல்’லும் சேர்ந்தால் ‘குங்முல்’. மகரம் பின்னால் வந்ததும் முன்னால் உள்ள வல்லினம் மெல்லினமாகிவிடும். கல்லும் மலையும் கன்மலை ஆவதைப் படித்தவர்களுக்கு இது புதிதில்லை. பள்ளிக்கூடத்துப் புணர்ச்சி விதிகள் டெல்லியில் எனக்குக் கைகொடுத்தன.

இன்னொன்று, கேட்பவருக்கான மரியாதை. கொரிய மொழியில் மழையைப் பற்றிச் சொன்னாலும், யாரிடம் சொல்கிறோம் என்பது வினையின் கடைசியில் தெரிந்தாக வேண்டும். இதை மற்ற மாணவர்களுக்குப் புரியவைக்க ஆசிரியர் நெடுநேரம் எடுத்துக்கொண்டார். எங்கள் கொங்குப் பக்கம் பெரியவர்களிடம் "மழை பெய்யுதுங்க" என்போம். அந்த ‘ங்க’ கேட்பவருக்கு உரியது. கொரியர்கள் ‘யோ’ சேர்ப்பதும் அதற்காகத்தான்.

ஒற்றுமை இருக்கிறது என்பதால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லிவிடாதீர்கள். ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கணம் எழுதினார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. வினை கடைசியில் நிற்பது ஜப்பானியத்திலும் உண்டு, துருக்கியிலும் உண்டு.

என்னை இந்தப் படிப்போடு கட்டிப்போட்டது வரலாற்று வகுப்பு. ஜப்பான் ஆட்சியில் பள்ளிகளிலிருந்து கொரிய மொழி விரட்டப்பட்டது. 1942இல், அகராதி தொகுத்துக்கொண்டிருந்த கொரிய மொழிக் கழகத்தாரைக் கைது செய்தார்கள். இருவர் சிறையிலேயே இறந்தார்கள். பல ஆண்டு உழைத்துச் சேர்த்த கையெழுத்துப் படிகளை வழக்குக்கான சாட்சியம் என்று போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. விடுதலைக்குப் பிறகு, 1945 செப்டம்பரில், அந்தக் கட்டுகள் சியோல் ரயில் நிலையத்துச் சரக்குக் கிடங்கில் கிடைத்தன. 1947இல் முதல் தொகுதி அச்சேறியது. ஆறு தொகுதிகளும் முடியும்போது 1957. நடுவில் ஒரு போரே நடந்து முடிந்திருந்தது. இதைப் படித்த பிறகு அகராதியைச் சாதாரணமாகப் புரட்ட என்னால் முடியவில்லை.

*

மேலே எழுதியவருக்கு வணக்கம். நான் பூசானில் கொரியமொழி இலக்கியத் துறையில் படிக்கிறேன். ஜிகேஎஸ் எனப்படும் கொரிய அரசின் உதவித்தொகையில் வந்தேன். முதல் வருடம் மொழி வகுப்பு மட்டும். டோப்பிக் என்ற கொரிய மொழித் திறன் தேர்வில் மூன்றாம் நிலை எடுத்தால்தான் துறைக்குள் நுழைய முடியும்.

மூன்றாம் நிலையோடு உள்ளே போனால் முதல் பருவம் மூச்சு முட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடன் படிப்பவர்கள் எல்லாம் அந்த மண்ணின் பிள்ளைகள். குழு வேலையைக் காகாவோ டாக் என்ற அரட்டைச் செயலியில் அவர்கள் தட்டுகிற வேகத்துக்கு, நாம் ஒரு வரியைப் படித்து முடிக்கும் முன் முடிவே எடுத்துவிடுவார்கள்.

நிலைமை மாறியது 15ஆம் நூற்றாண்டுப் பாடங்களைப் படிக்கும் வகுப்பில். இன்றைக்கு வழக்கில் இல்லாத எழுத்துகள், ஒவ்வொரு அசைக்கும் இடப்பக்கம் சுருதியைக் காட்டும் புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் உயர்ந்த ஒலி, இரண்டு என்றால் எழும் ஒலி. அங்கே கொரிய மாணவர்களும் என்னைப் போலவே திணறினார்கள். அந்தப் பழைய சுருதி வேறுபாடு சியோல் பேச்சில் மறைந்துவிட்டது, ஆனால் பூசானை உள்ளடக்கிய கியோங்சாங் வட்டாரப் பேச்சில் வேறு உருவில் இன்னும் உயிரோடு இருக்கிறது. உள்ளூர்த் தோழி ஒருத்தி தன் பாட்டி பேசுவது போலப் படித்துக் காட்டியபோது வகுப்பே அவளைத் திரும்பிப் பார்த்தது. ஊர்ப்பேச்சுக்கு அவ்வளவு பெரிய மதிப்பு கிடைத்ததை நேரில் பார்த்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அவள் கிம்ஹே கிம் குலத்தைச் சேர்ந்தவள். இந்தியாவிலிருந்து கடல் கடந்து வந்து சூரோ மன்னரை மணந்த ஹோ ஹ்வாங்-ஓக் அரசியின் வழி என்று தங்களைச் சொல்லிக்கொள்பவர்கள். கிம்ஹே, பூசானுக்கு அடுத்த ஊர்தான், இலகு ரயிலில் போய்விடலாம். அரசியின் கல்லறையருகே செம்மை படர்ந்த கற்களை அடுக்கிய சிறு கோபுரம் இருக்கிறது. அலைகளை அடக்க அவர் கப்பலில் கொண்டுவந்தது என்பார்கள். கிம்ஹே கிம் குலத்தாரும் கிம்ஹே ஹோ குலத்தாரும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்து எடுப்பது வழக்கமில்லை என்று தோழி அங்கே நின்று சொன்னாள். ஹோ குலத்தார் அரசியின் குடும்பப் பெயரைப் பெற்ற பிள்ளைகளின் வழியாம். அப்படியானால் இரு குலத்தாரும் அண்ணன் தம்பி பிள்ளைகள். நம் பங்காளி முறையேதான்.

ஊரிலிருந்து பலர் ‘கொரிய அரசி தமிழச்சி’ என்று வீடியோ அனுப்புகிறார்கள். இந்தக் கதை வருவது 13ஆம் நூற்றாண்டில் இர்யோன் என்ற துறவி தொகுத்த சாம்குக் யூசா என்ற நூலில். கதை நடந்ததாகச் சொல்லும் ஆண்டு கி.பி. 48. நடுவில் 1200 ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. அரசியின் ஊர் ‘அயுதா’ என்ற நாடு என்றுதான் அதில் இருக்கிறது. அயோத்தி என்பவர்கள் உண்டு, தமிழ்நாடு என்பவர்களும் உண்டு. மூலத்தைப் படித்தவர்கள் என்ற முறையில் நாமாவது நிதானமாகப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர். கொரிய மொழிப் பட்டம் முடித்ததும் கிடைத்த வேலை.

மேலே பூசானிலிருந்து எழுதியவர் சொன்ன வட்டார வழக்கை நான் தகடுகளை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் ஷாப்பில் சந்தித்தேன். ஹூண்டாயின் பெரிய ஆலை இருப்பது உல்சானில், அதுவும் கியோங்சாங் வட்டாரம். அந்தப் பக்கத்திலிருந்து வரும் அதிகாரிகள் இங்கே நிறையப் பேர். எங்கள் மேலாளர் பேசியதில் முதல் வாரம் பாதிதான் புரிந்தது. அவர் கேட்ட கேள்விகள் ‘நோ’ என்றோ ‘னா’ என்றோ முடிந்தன. ‘என்ன, எங்கே’ என்று கேட்டால் ‘நோ’, ‘ஆமாவா இல்லையா’ என்றால் ‘னா’ என்று பிடித்துக்கொண்ட பிறகு பேச்சு பிரிய ஆரம்பித்தது.

இங்கே கடினம் மரியாதையை மொழிபெயர்ப்பது. பிரஸ் அச்சான டையில் விரிசல் விழுந்து லைன் நின்ற அன்று மேலாளர், தன்னைவிட வயதில் மூத்த சூப்பர்வைசரிடம் மரியாதை விகுதியே இல்லாமல் நாலு வார்த்தை கத்தினார். அதை அப்படியே தமிழில் சொன்னால் ‘ஏய், நேத்து செக் பண்ணியா இல்லியா?’ என்று வரும். நான் "அண்ணே, நேத்து ஷிஃப்ட்ல செக் பண்ணீங்களான்னு கேக்கறாரு" என்றேன். அண்ணன் "ரெண்டு வாட்டி சொல்லிட்டேன், அவருதான் ஓட்டச் சொன்னாரு" என்று பட்டென்று சொன்னார். அதில் எந்தத் தகவலையும் விடாமல், மேலாளர் முகம் சிவக்காத மாதிரி, முழு மரியாதை வடிவத்தில் கொரியத்தில் கொடுத்தேன். மேலாளர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, டையைக் கழற்றச் சொன்னார். படிநிலைச் சமூகம் பற்றிக் கல்லூரியில் படித்தது அந்த அரை நிமிடத்தில் எனக்கு உதவியது.

சேரப்போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஹான்ஜாவை, அதாவது கொரியத்தில் வழங்கும் சீன எழுத்துகளை, முதல் வருடத்திலிருந்தே படியுங்கள். பழுது, அச்சு, காலக்கெடு எல்லாமே தொழிற்சாலையில் சீன வேர்ச்சொற்கள்தான். வேர் தெரிந்தால் புதுச் சொல்லை ஊகித்துவிடலாம். டோப்பிக் சான்றிதழ் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் இரண்டாம் வருடத்திலேயே அவசரப்பட்டு எழுதாமல் கடைசி வருடத்தில் எழுதுங்கள். மேல்நிலைத் தேர்வில் கடைசிக் கட்டுரைக்கு 600 முதல் 700 எழுத்து, கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் அசையாக எழுத வேண்டும். எழுத்துப் பகுதி முழுவதற்கும் 50 நிமிடம்தான். வாரத்துக்கு ஒன்றாவது கடிகாரம் வைத்து எழுதிப் பழகுங்கள். கட்டத் தாள் வேண்டுமென்றால் கேளுங்கள், நான் அனுப்பிவைக்கிறேன்.