ஏழாம் மாதம், பஸ் படிக்கட்டு, இடுப்பெலும்பு வலி: உங்களுக்கும் இப்படி வந்ததா?

செல்லூர்க்காரி:

மூன்று வருடம் ஆகிவிட்டது. மகள் பால்வாடிக்குப் போகிறாள். ஆனாலும் டவுன் பஸ்ஸின் முதல் படியைப் பார்த்தால் இன்றைக்கும் என் கை தானாக அடிவயிற்றுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடும் வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். ஆறாம் மாதத்திலிருந்தே தொடைச்சந்தில் வலி இருந்தது. வீட்டில் வாயு என்றார்கள். மாதாமாதம் காட்டிய இடத்தில் "இதெல்லாம் இருக்கத்தாம்மா செய்யும்" என்று சொல்லி அடுத்த நோட்டை எடுத்துவிட்டார்கள். சரி, இருக்கத்தான் செய்யும் போல என்று நானும் விட்டுவிட்டேன்.

ஒரு சாயங்காலம் சிம்மக்கல்லில் பஸ் ஏறினேன். வலது காலை முதல் படியில் வைத்து இடது காலைத் தூக்கினால் கால் வரவில்லை. வயிற்றுக்குக் கீழே, நடு எலும்பில், பச்சை மூங்கிலைப் பிளக்கிற மாதிரி ஒரு சத்தம். எனக்கு மட்டும் கேட்டதா, பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டதா தெரியாது. ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே தொங்கினேன். உள்ளேயிருந்து ஒருவர், "ஏறுறதுன்னா ஏறும்மா, இல்லன்னா இறங்கி நில்லு, நேரமாகுதுல்ல" என்றார்.

எனக்குப் பின்னால் ஒரு பூக்கார அம்மா நின்றிருந்தார். கூடையைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தாங்கினார். என் காதுக்குப் பக்கத்தில் வந்து, "ரெண்டு காலையும் சேத்து வையி ஆத்தா. அகட்டாத. சேத்து வையி" என்றார். சேர்த்து வைத்தேன். வலி பாதி இறங்கியது. பஸ் போய்விட்டது. அவரும் என்னோடு இறங்கி, கூடையில் மூடியிருந்த ஈரத் துணியை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டார். முகமெல்லாம் மல்லிகை வாசம்.

பத்து நாள் கழித்துப் பார்த்த பிசியோதெரபி டாக்டர் முதலில் சொன்னதும் அதே வார்த்தைதான்: காலை அகட்டாதீர்கள், சேர்த்து வையுங்கள். படித்தவர் சொல்ல வேண்டியதை அந்தப் பூக்கார அம்மா எப்படி முன்னாலேயே சொன்னார்? அன்றைக்குக் கேட்கத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு அந்த ஸ்டாப்பில் எத்தனையோ நாள் தேடியும் அவரைப் பார்க்கவில்லை.

உங்களுக்கு எப்படி வந்தது, யார் என்ன சொன்னார்கள், எழுதுங்கள்.

மேலூர் மருமகள்:

உங்களுக்கு எலும்பு, எனக்கு நார்.

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து நாலு நாள்தான் இருக்கும். ரசத்துக்குத் தாளிக்கும்போது மிளகாய் நெடி ஏறி ஒரு தும்மல். ஒரே ஒரு தும்மல்தான். வலது தொடைச்சந்திலிருந்து வயிற்றின் ஓரமாகக் கொக்கி மாட்டி இழுத்த மாதிரி சுரீர் என்று போனது. கரண்டியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அடுப்பில் கடுகு கருகுகிற வாசம் வருகிறது, எழுந்து அணைக்கப் பயமாக இருக்கிறது. எழுந்தால் குழந்தை நழுவிவிடும் என்றே நினைத்தேன். அந்த இரண்டு நிமிடம் எத்தனை சாமியைக் கூப்பிட்டேனோ.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையை முன்பக்கம் இரண்டு ஓரத்திலிருந்தும் கயிறு மாதிரி ஒரு நார் தொடைச்சந்து வரைக்கும் பிடித்திருக்கிறதாம். ரவுண்ட் லிகமென்ட் என்று பெயர். பை பெருக்கப் பெருக்க அதுவும் இழுபடும். சட்டென்று எழுந்தால், திரும்பினால், தும்மினால் இப்படி வெட்டி இழுக்கும். பை பெரும்பாலும் வலது பக்கம் கொஞ்சம் திரும்பியிருப்பதால் வலது பக்கம்தான் பலருக்கு அதிகமாம். தும்மல் வருவது தெரிந்தால் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, இரண்டு கையாலும் அடிவயிற்றைத் தாங்கிக்கொள்ளச் சொன்னார். பிரசவம் வரைக்கும் அப்படித்தான் தும்மினேன்.

திருமங்கலத்து அத்தை:

அந்தப் பூக்காரம்மாவுக்கும் அது வந்திருக்கும், வேறென்ன. வந்தவளுக்குத்தான் தெரியும்.

எனக்கு வயது 58. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது அடிபம்பில் தண்ணீர் அடித்துக் குடத்தோடு வந்து, வாசல்படியைத் தாண்டக் காலைத் தூக்க முடியாமல் வெயிலில் நின்றேன். என் மாமியார் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். எழுந்து வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. குடத்தை இறக்கி வைக்கவும் தோன்றவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் ஒரு பேர் வைத்துக்கொண்டு பயப்படுகிறீர்கள். நான் சொல்வதைக் கேளுங்கள். காலையில் வெறும் வயிற்றில் சீரகம் கொதிக்கவைத்த தண்ணீர். ராத்திரி இடுப்புக்கு நல்லெண்ணெய் தடவி, இளஞ்சூட்டில் வெந்நீர் ஊற்ற வேண்டும். கொதிக்கக் கொதிக்க ஊற்றக்கூடாது. இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். மல்லாந்து படுக்கக்கூடாது. கனமான வாளி, குக்கர் தூக்கக்கூடாது. ஈரத்தரையில் வெறுங்காலோடு நிற்கக்கூடாது. மாடிப்படி ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் ஏறக்கூடாது. உளுந்தங்கஞ்சி வாரம் இரண்டு தடவையாவது குடியுங்கள், இடுப்பெலும்புக்கு அதைவிட எதுவும் கிடையாது. எங்கள் பக்கத்தில் சுளுக்கு எடுக்கிற பாட்டி இருக்கிறார். அவரிடம் போனால் இரண்டு காலையும் பிடித்து ஒரு இழுப்பு இழுத்துவிடுவார், நார் தன் இடத்துக்கு வந்துவிடும். என் நாத்தனாருக்கு அப்படித்தான் சரியானது. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டு நடங்கள்.

பிசியோ படிக்கிற பெண்:

அத்தை, இடது பக்கம் படுப்பது, கனம் தூக்காமல் இருப்பது, இளஞ்சூட்டு வெந்நீர், இதிலெல்லாம் உங்களோடு எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் சுளுக்கு எடுக்க மட்டும் யாரையும் அனுப்பாதீர்கள். கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

இது சுளுக்கு இல்லை. முன்பக்கம் இரண்டு இடுப்பெலும்பும் சேரும் இடத்தில் சாதாரணமாகவே 4, 5 மில்லிமீட்டர் இடைவெளி உண்டு. கர்ப்பத்தில் ரிலாக்சின் போன்ற ஹார்மோன்களால் நார்கள் தளர்ந்து, அது இன்னும் 2, 3 மில்லிமீட்டர் விலகும். பிள்ளை வெளியே வர வேண்டுமே, அதற்கான ஏற்பாடு அது. தளர்ந்திருக்கிற மூட்டைப் பிடித்து இழுத்தால் இன்னும்தான் விலகும். செல்லூர் அக்காவுக்கு வந்ததை நாங்கள் இடுப்பு வளைய வலி, பெல்விக் கர்டில் பெயின் என்போம். கர்ப்பிணிகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வருகிறது. அதற்கு ஒரு பேர் இருப்பது பயப்படுவதற்காக இல்லை அத்தை. பேர் தெரிந்தால்தான் "வாயு" என்று சொல்லி அனுப்புகிறவரிடம் நின்று பேச முடியும்.

பூக்கார அம்மா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒரு காலில் நிற்பதும், கால் அகலுவதும்தான் அந்த மூட்டுக்கு ஆகாது. அதனால் பாவாடை, பேண்ட் எல்லாம் உட்கார்ந்துகொண்டே போடுங்கள். ஆட்டோவில் முதலில் உட்கார்ந்து, பிறகு இரண்டு காலையும் சேர்த்து உள்ளே திருப்புங்கள். படி ஏறும்போது வலி குறைந்த கால் முன்னால், இறங்கும்போது வலிக்கிற கால் முன்னால், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து. சம்மணம் வேண்டாம், குத்துக்காலிட்டு உட்காருவதும் வேண்டாம். பெல்ட் வாங்கினால் பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் கட்டும் அகலமான பெல்ட்டை வாங்கிவிடாதீர்கள். இது வயிற்றுக்குக் கீழே இடுப்பைச் சுற்றிக் கட்டுவது. ஒரு தடவை பிசியோவைக் கட்டிக் காட்டச் சொல்லுங்கள். மாத்திரை விஷயத்தில், டாக்டர் சொன்ன பாராசிட்டமால் தவிர மெடிக்கலில் கேட்டு வாங்கும் மூட்டு வலி மாத்திரை எதுவும் கூடாது. இபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் எல்லாம் அந்த வகைதான். தடவும் ஜெல்லையும் கேட்காமல் தடவாதீர்கள்.

இவ்வளவும் படித்த எனக்கே எட்டாம் மாதம் கட்டிலில் திரும்பிப் படுக்க முடியவில்லை. பருத்தி விரிப்பு உடம்பைப் பிடித்துக்கொள்ளும். இடுப்பைத் தூக்கினால்தான் திரும்ப முடியும், தூக்கினால் உயிர் போகும். ஒரு ராத்திரி அழுதுவிட்டேன். அம்மா எழுந்து, பீரோவைத் திறந்து, தன் பழைய பட்டுப்புடவை ஒன்றை எடுத்து நாலாக மடித்து என் இடுப்புக்குக் கீழே விரித்தார். இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை. "இப்ப திரும்பு பாப்போம்" என்றார். வழுக்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். வெங்காயச் சருகு நிறப் புடவை. அம்மா எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

உசிலம்பட்டி:

பெல்ட் எனக்குக் கேட்கவில்லை. போட்டால் தொடை மரத்துப்போனது. எல்லாருக்கும் ஒத்துவரும் என்று எழுதாதீர்கள். எனக்குக் கேட்டது நடையைக் குறைத்ததும், நூறு நாள் வேலையை நிறுத்தியதும்தான். அதை நிறுத்தக்கூட வீட்டில் இரண்டு வாரம் பேச வேண்டியிருந்தது.

தல்லாகுளம்:

எல்லாரும் லிகமென்ட், லிகமென்ட் என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்குப் படபடப்பாக இருக்கிறது. நானும் அப்படி நினைத்துத்தான் ஏமாந்தேன்.

சித்திரைத் திருவிழா, எதிர்சேவை அன்று. எங்கள் வீட்டு வாசலிலேயே கூட்டம். எனக்கு முப்பதாவது வாரம். அழகர் வருகிற நேரம், விடிகிற வரைக்கும் நின்றும் உட்கார்ந்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். அடிவயிறு இழுத்தது. முந்தைய மாதம் டாக்டர் நார் இழுக்கிறது என்று சொல்லியிருந்ததால் அதுதான் என்று இருந்துவிட்டேன். சர்க்கரை நிறைத்த சொம்பைக் கையில் வைத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன்: வலி வரும்போதெல்லாம் வயிறு முழுக்கக் கல்லாகிறது, அந்தச் சொம்பு மாதிரி. அப்புறம் இளகுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, கணக்காக. உட்கார்ந்தாலும் வருகிறது, படுத்தாலும் வருகிறது. நார் வலி அசைந்தால் வரும், அடங்கினால் போகும். இது போகவில்லை.

அந்தக் கூட்டத்துக்குள் வண்டி வர முடியாது என்று, என் தம்பியும் அவன் நண்பர்களும் கையைக் கோத்து வழி எடுத்து, சந்து சந்தாக நடத்தியே கூட்டிப்போனார்கள். ஆஸ்பத்திரியில் சிறுநீரில் கிருமி என்றார்கள், அதனால் வலி முன்னாலேயே கிளம்பிவிட்டதாம். பிள்ளையின் நுரையீரலுக்கு என்று ஊசி போட்டு, நாலு நாள் வைத்திருந்தார்கள். வலி நின்றது. 38 வாரத்தில் பிறந்தான்.

தங்கச்சிகளே, கணக்காக வரும் வலி, ரத்தம், நீர் கசிவு, காய்ச்சல், சிறுநீர் போகும்போது எரிச்சல், பிள்ளை அசைவு குறைவது, இதில் ஒன்று இருந்தாலும் இங்கே வந்து எழுதிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.

வாடிப்பட்டி அப்பா:

ஆம்பளை எழுதலாமா தெரியவில்லை. எழுதிவிட்டுப் போகிறேன்.

"ஊர்ல எல்லாரும்தான் பெத்துக்கிறாங்க" என்று என் மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கு ராத்திரியே, இரண்டு மணி இருக்கும், விழித்துப் பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. கொல்லைப்பக்கக் கழிப்பறைக்குப் போகிற வழியில், சிமெண்ட் தரையில் இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஒன்பதாம் மாத வயிறு தரையைத் தொடுகிற மாதிரி. என்னை எழுப்பவில்லை. நான் சொன்ன வார்த்தைக்குப் பிறகு எப்படி எழுப்புவாள்?

மறுநாளே கழிப்பறையில் போட்டு உட்காருகிற நாற்காலி ஒன்று வாங்கினேன். கதவோரம் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி அடித்தேன். ராத்திரி அவள் கையை என் சட்டையில் முடிந்துகொண்டு படுக்கச் சொன்னேன், அசைந்தால் நான் எழுந்துவிடுவேன் என்று. பிள்ளைக்கு இப்போது ஒன்றரை வயது. அவள் அந்த ராத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. நானும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றைக்குக் கேட்கிறேன்.

செல்லூர்க்காரி:

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். வாடிப்பட்டி அண்ணே, கேட்டுவிடுங்கள்.

எனக்கு இப்போது நாலாம் மாதம், இரண்டாவது. முதல் தடவை வந்தவர்களுக்கு மறுபடியும் வர வாய்ப்பு அதிகம், சீக்கிரமே வரலாம் என்கிறார்கள். போன வாரத்திலிருந்து லேசாக ஆரம்பித்துவிட்டது. இந்தத் தடவை முதல் நாளே சொல்லிவிட்டேன். பிசியோவும் பார்க்கிறேன். சுகப்பிரசவம் ஆகுமா என்பதுதான் பயம்.

பிசியோ படிக்கிற பெண்:

ஆகும் அக்கா. இந்த வலி இருக்கிறது என்பதற்காக மட்டும் ஆபரேஷன் தேவையில்லை. வலிக்காமல் உங்கள் கால் எவ்வளவு தூரம் அகலுகிறது என்று இப்போதே அளந்து, நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிரசவ அறையில் அதைக் காட்டி, அதற்குமேல் அகட்ட வேண்டாம், ஒருக்களித்துப் படுத்துப் பெறலாமா என்று கேளுங்கள்.

திருமங்கலத்து அத்தை:

சுளுக்கு எடுக்கச் சொன்னதை யாரும் செய்ய வேண்டாம். அந்தப் பெண் சொன்னதை என் மகனிடம் காட்டினேன், அவனும் அதையே சொன்னான். சீரகத் தண்ணீர் குடியுங்கள், அதில் ஒன்றும் கெடுதல் இல்லை.

என் மருமகள் ஆறு மாதம். ராத்திரி கட்டில் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. கேட்டால், "ஒண்ணுமில்ல அத்தை, தூங்குங்க" என்கிறாள். என் கல்யாணப் புடவை இருக்கிறது, அரக்கு நிறம். எடுத்து வைத்திருக்கிறேன். ஜரிகை உறுத்தாதா கண்ணு?

பிசியோ படிக்கிற பெண்:

கரை இரண்டும் உள்ளே போகிற மாதிரி மடித்துவிடுங்கள் அத்தை. வெறும் பட்டு மட்டும் மேலே இருக்கட்டும். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் வருகிற மாதிரி விரித்து, ஓரத்தை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். இல்லாவிட்டால் புடவையும் கூடவே சுருண்டு வந்துவிடும்.