சிரியர்கள் இத்தாலியர்களை மிஞ்சிவிட்டார்களாம்! பிரேசில் போனவர்களின் கணக்கு

தெற்குவாசல்:
காபி வரலாற்று இழையில் கணக்கப்பிள்ளை ஐயா போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: "பிரேசிலுக்குப் போன இத்தாலியர்கள் கூலிகளாகவே நின்றார்கள், சிரியர்கள் மூட்டை தூக்கி முதலாளிகள் ஆனார்கள்." அதற்கு ஏகப்பட்ட விருப்பக்குறிகள் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. அதனால்தான் தனி இழை.

ஐயா, பிரான்செஸ்கோ மத்தராஸோ என்ற பெயர் காதில் விழுந்திருக்கிறதா? 1854இல் தெற்கு இத்தாலியில் காஸ்டெல்லபாத்தே என்ற ஊரில் பிறந்தவர். 1881இல் வெறுங்கையோடு பிரேசிலில் இறங்கினார். சாவ் பாவ்லோ மாகாணத்தில் சொரொகாபா என்ற ஊரில் சின்னக் கடை வைத்தார். பன்றிக் கொழுப்பு காய்ச்சி விற்றார். 1911இல் எல்லாத் தொழில்களையும் ஒரே நிறுவனமாக இணைத்தார். மாவு மில், துணி மில், சோப்பு, எண்ணெய், எதை விட்டார்? 1937இல் அவர் இறந்தபோது பிரேசிலில் அவரை விடப் பெரிய பணக்காரர் இருந்தாரா? இவர் கூலியா?

கணக்கப்பிள்ளை:
வெறுங்கையா! நல்ல ஆராய்ச்சி. தம்பி, உங்கள் மத்தராஸோ இத்தாலியிலிருந்து புறப்படும்போதே விற்பதற்குப் பன்றிக் கொழுப்பு கொண்டுவந்தவர். அதாவது சரக்கு. அதாவது கைமுதல். ஊரில் வசதியான குடும்பம். வெறுங்கையோடு வருகிறவன் கப்பலில் சரக்கு ஏற்றிக்கொண்டு வருவானா? முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள், மற்றதை அப்புறம் பார்ப்போம்.

தெற்குவாசல்:
அந்தச் சரக்கு ரியோவில் கரையேற்றும்போதே கடலில் முங்கிப்போனது. அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதுதானே? முங்கின பிறகு கையில் என்ன இருந்தது? வெறுங்கைதான்.

கணக்கப்பிள்ளை:
முங்கியது வேறு, இருந்தது வேறு. கொழுப்பு இருந்ததா இல்லையா?

தெற்குவாசல்:
கடலுக்குள் இருந்தது. இங்கே எழுதுகிற சிலரிடம் இன்னும் மிச்சம் இருக்கிறது.

சுழியம்:
இரண்டு பேருக்கும் வணக்கம். வளம் என்று எதைச் சொல்கிறீர்கள்? சராசரிக் குடும்பத்தின் வருமானமா, உச்சியில் இருக்கும் நாலு குடும்பமா, பேரன் காலத்துப் படிப்பும் வேலையுமா? அதை முடிவு செய்தால் பேச வசதியாக இருக்கும்.

கணக்கப்பிள்ளை:
சுழியம், அதெல்லாம் பிறகு. அவர் கொழுப்பு விஷயத்துக்கு வரட்டும்.

சிரியர் கதையைப் பாருங்கள். துருக்கி சுல்தானின் ஆட்சிக் காலத்தில் புறப்பட்டவர்கள். கையில் ஒட்டோமான் கடவுச்சீட்டு, அதனால் அங்கே எல்லோரும் "துர்க்கோ" என்றே கூப்பிட்டார்கள். சான்டோஸ் துறைமுகத்தில் இறங்கி, தோளில் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராக நடந்தார்கள். நூல், பட்டன், சீப்பு, ரிப்பன், புனிதர் படம். இவர்களுக்குப் போர்த்துகீசியத்தில் "மாஸ்காச்சி" என்று பெயர், சுற்று வியாபாரி. நாலு காசு சேர்ந்ததும் சாவ் பாவ்லோவில் 25 தி மார்சு தெருவில் மொத்தக் கடை. அப்புறம் ஆலை. ஜாஃபெட் குடும்பம் அதே நகரத்தின் இப்பிராங்கா பகுதியில் துணி ஆலை கட்டியது அப்படித்தான். யார் காசும் இல்லை, அரசாங்க உதவியும் இல்லை. இதைத்தான் வெறுங்கை என்பார்கள்.

மேலக்காற்று:
ஜாஃபெட் சிரியர் இல்லை. ஷுவைர் ஊர்க்காரர்கள். அது லெபனானில் இருக்கிறது.

கணக்கப்பிள்ளை:
அவர்கள் கப்பல் ஏறியபோது லெபனான் என்று தனி நாடு ஏது? பிரெஞ்சுக்காரன் எல்லை கிழித்தது 1920இல். அதற்கு முன் அந்தப் பக்கம் முழுவதையும் சிரியா என்றுதான் சொன்னார்கள். சாவ் பாவ்லோவில் அவர்கள் கட்டிய ஆஸ்பத்திரிக்கே சிரியோ லிபனேஸ் என்று பெயர். இரண்டையும் சேர்த்து எழுதியவர்கள் அவர்களேதான்.

மேலக்காற்று:
சேர்த்து எழுதினார்கள் என்றால் இரண்டு என்றுதானே அர்த்தம்? ஒன்றாக இருந்தால் எதற்கு இரண்டு பெயர்? லெபனான்காரர்களை எல்லாம் சிரியர் கணக்கில் வரவு வைத்தால் சிரியர் ஜெயிக்காமல் வேறு யார் ஜெயிப்பார்?

உழவன்மகன்:
யாருமே தோட்டத்தைப் பற்றிப் பேசவில்லை. நான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1888 மே 13இல் பிரேசிலில் அடிமை முறை ஒழிந்தது. காபித் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் வேண்டும். சாவ் பாவ்லோ அரசாங்கம் கப்பல் கூலியைத் தானே கட்டி இத்தாலியக் குடும்பங்களை இறக்கியது. தனி ஆளாக வந்தால் உதவி கிடைக்காது, குடும்பமாக வர வேண்டும். வந்ததும் பிராஸ் பகுதியில் இருந்த குடியேறிகள் விடுதியில் சில நாள், அங்கிருந்தே ரயிலில் தோட்டத்துக்கு. ஒரு குடும்பம் எத்தனை ஆயிரம் காபிச் செடிகளைக் களையெடுத்துப் பராமரிக்கிறதோ அதற்கு வருடக் கூலி, பறித்ததற்குத் தனிக் கூலி. வரிசைகளுக்கு நடுவில் சோளமும் அவரையும் போட்டுக்கொள்ளலாம். சாமான் வாங்குவது தோட்டத்துக் கடையில், கடனுக்கு. கூலி பாக்கி, அபராதம் என்று புகார் மேல் புகார் போய், 1902இல் இத்தாலிய அரசாங்கமே பிரினெட்டி ஆணை போட்டு இலவசக் கப்பல் பயணத்தைத் தடை செய்தது.

இப்போது சொல்லுங்கள். ஒரு பக்கம் அரசாங்கக் காசில் குடும்பத்தோடு அள்ளிக்கொண்டு வரப்பட்ட பரம ஏழைகள், ஐம்பது வருடத்தில் சுமார் 15 லட்சம் பேர். மறுபக்கம் எப்படியோ சொந்தக் காசு புரட்டிக் கப்பல் ஏறி, ஏற்கெனவே கடை வைத்திருந்த உறவுக்காரரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்த சுமார் ஒரு லட்சம் பேர். இரண்டையும் பக்கத்தில் வைத்து யார் கெட்டிக்காரர் என்று கேட்பது என்ன நியாயம்? இன்னொன்று: அந்தச் சிரிய மாஸ்காச்சி பட்டன் விற்றது யாருக்கு? இதே இத்தாலியத் தோட்டக் குடும்பங்களுக்குத்தான்.

கணக்கப்பிள்ளை:
அருமை. உறவுக்காரரிடம் கடனுக்குச் சரக்கு எடுத்ததை நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடன் என்பது முதல் ஆகுமா? ஆகாது. திருப்பிக் கட்ட வேண்டும். மத்தராஸோவின் கொழுப்பு யாரிடமும் கடனாக வாங்கியது இல்லை. என் வாதத்துக்கு வலு சேர்த்ததற்கு நன்றி.

உழவன்மகன்:
நான் எழுதியதில் உங்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு வரிதானா?

தெற்குவாசல்:
அவருக்கு எப்போதும் அப்படித்தான். ரயில் பாதை அகல இழையிலும் இதே வேலை. நூறு பதிவு தாண்டியும் ஒரு ஆணியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்.

கணக்கப்பிள்ளை:
அந்த ஆணி விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி என்று அங்கே எல்லோருக்கும் தெரியும். இங்கே இழுக்க வேண்டாம்.

நீலாம்பரி:
நான் சாவ் பாவ்லோவில் சில வருடம் வேலை பார்த்தேன். அவெனிதா பவுலிஸ்டா என்ற பெரிய சாலையில் மத்தராஸோ குடும்பத்தின் மாளிகை இருந்தது. அதை 1996இல் இடித்துவிட்டார்கள், இப்போது அந்த இடத்தில் ஷாப்பிங் மால். அதே சாலையில் சிரியர்களின் க்ளூபி ஹோம்ஸ் என்ற மன்றம் இன்னும் இருக்கிறது, கல்யாண வரவேற்பெல்லாம் நடக்கும். இத்தாலியர் கட்டிய உம்பெர்த்தோ ஆஸ்பத்திரி 1993இல் மூடப்பட்டது. அந்த வளாகம் இப்போது பெரும் பணக்காரர் தங்கும் ஹோட்டல். சிரியோ லிபனேஸோ நாட்டிலேயே பெயர் பெற்ற ஆஸ்பத்திரி. ஜனாதிபதியாக இருந்த லூலாவுக்கு 2011இல் புற்றுநோய் வந்தபோது சிகிச்சை அங்கேதான் நடந்தது. கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன், வேறு உள்நோக்கம் இல்லை.

கணக்கப்பிள்ளை:
நீலாம்பரி அம்மா வாழ்க. 1921இல் அத்மா ஜாஃபெட் தலைமையில் பெண்கள் சங்கம் ஆரம்பித்த வேலை அது. 1943இல் மாகாண அரசு கட்டடத்தை எடுத்து ராணுவ மாணவர் பள்ளி ஆக்கியது. 1959இல்தான் திரும்பக் கிடைத்தது, 1965இல் ஆஸ்பத்திரி திறந்தார்கள். அத்தனை வருடம் விடாமல் நின்றார்கள். மத்தராஸோ வாரிசுகளால் 1983இல் கடன்காரர்களைத் தாண்டி நிற்க முடியவில்லை. கொழுப்பில் வந்தது கரைந்து போயிற்று.

தெற்குவாசல்:
ஒரு ஆஸ்பத்திரி ஓடினால் ஒரு சமூகமே வளம் ஆகிவிடுமா? அந்த ஆஸ்பத்திரியில் படுக்க 25 தி மார்சுவில் மூட்டை தூக்குகிறவனால் முடியுமா? ஜாஃபெட் ஆலை இன்றைக்கும் ஓடுகிறதா? அதைப் பற்றி மூச்சே காணோம்.

மேலக்காற்று:
ஜாஃபெட் லெபனான்.

சுழியம்:
சராசரியா உச்சமா என்று கேட்டேன். கேள்வி அப்படியே கிடக்கிறது.

உழவன்மகன்:
சுழியம் கேட்டதுதான் சரியான கேள்வி. 1917இல் சாவ் பாவ்லோ முழுவதும் நின்றுபோன பொது வேலைநிறுத்தம் எங்கே ஆரம்பித்தது? மோக்கா பகுதியில் இருந்த கிரேஸ்பி பருத்தி ஆலையில். முதலாளி ரொடோல்ஃபோ கிரேஸ்பி இத்தாலியர். வேலையை நிறுத்தித் தெருவில் இறங்கியவர்களில் பெரும்பகுதியும் இத்தாலியர். அதே வருடம்தான் மத்தராஸோவுக்கு இத்தாலிய அரசர் கோமகன் பட்டம் கொடுத்தார். இதில் "இத்தாலியரின் வளம்" என்று யாருடைய வளத்தைச் சொல்வீர்கள்?

கணக்கப்பிள்ளை:
பட்டம் எதற்காகக் கொடுத்தார்? முதல் உலகப் போரில் இத்தாலிக்குப் பண உதவி செய்ததற்காக. பணம் எங்கிருந்து வந்தது? கொழுப்பிலிருந்து. கொழுப்பு எங்கிருந்து வந்தது? இத்தாலியிலிருந்து. வட்டம் முடிந்தது.

தெற்குவாசல்:
அது முங்கிவிட்டது!!! எத்தனை தடவை சொல்ல வேண்டும்? சொரொகாபாவில் காய்ச்சியது பிரேசில் பன்றி!

கணக்கப்பிள்ளை:
கத்தினால் பன்றி நாடு மாறாது, தம்பி.

தெற்குவாசல்:
முதலில் தம்பி என்பதை நிறுத்துங்கள். எனக்கும் பேரன் இருக்கிறான்.

வண்டிக்காரத்தெரு:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். பிரேசிலை விடுங்கள். அர்ஜென்டினாவுக்குப் போன இத்தாலியர் அங்கேயே 20 லட்சத்துக்கு மேல். போனஸ் அயர்ஸில் இத்தாலிய ஆஸ்பத்திரிக்கான வேலையை 1853இலேயே தொடங்கிவிட்டார்கள். டெக்கின்ட் என்ற பெரிய எஃகு நிறுவனமும் இத்தாலியர் கட்டியது. ஆனால் கார்லோஸ் மெனெம் யார்? பெற்றோர் சிரியாவின் யப்ரூத் ஊர்க்காரர்கள். சந்தேகமில்லாத சிரியா, மேலக்காற்று அவர்களே. 1989 முதல் 1999 வரை ஜனாதிபதி. அந்த நாட்டில் 1994 வரை ஜனாதிபதி கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்று சட்டம். முஸ்லிம் வீட்டில் பிறந்தவர் மதம் மாறித்தான் அந்த நாற்காலிக்குப் போக முடிந்தது.

தெற்குவாசல்:
ஜனாதிபதி ஆவது வளமா? அப்படிப் பார்த்தால் அங்கே பிறகு ஜனாதிபதி ஆன மக்ரியின் அப்பா ரோமில் பிறந்தவர். ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. மெனெம் காலத்தில் பெசோவை டாலரோடு ஒன்றுக்கு ஒன்று கட்டிப்போட்டது 2001இல் எங்கே கொண்டுபோய் விட்டது என்று அர்ஜென்டினாக்காரர்களைக் கேளுங்கள்.

வண்டிக்காரத்தெரு:
2001இல் மெனெம் பதவியில் இல்லை.

தெற்குவாசல்:
கயிறு அவர் கட்டியது.

நீலாம்பரி:
இன்னொன்று கேட்கிறேன். நீங்கள் சொல்லும் சிரியர் எல்லாம் நூறு வருடத்துக்கு முன் வந்தவர்கள். சிரியாவில் போர் ஆரம்பித்த பிறகு, 2013இலிருந்து பிரேசில் சிரியர்களுக்கு மனிதாபிமான விசா கொடுத்தது. அவர்கள் இந்தக் கணக்கில் உண்டா? பிராஸ் பக்கம் நான் வழக்கமாக எஸ்ஃபியா என்ற அராபியப் பண்டம் வாங்கிய வண்டிக்காரர் அலெப்போவில் மருந்தாளுநராக இருந்தவர். அவர் பட்டம் அங்கே செல்லவில்லை. மாவைத் தட்டி, மேலே கறியை வைத்துச் சின்ன அடுப்பில் தள்ளிக்கொண்டே கைபேசியில் போர்த்துகீசியப் பாடம் கேட்பார். பழைய சிரியக் குடும்பங்கள் ஏதாவது செய்தார்களா என்று கேட்டதற்கு, கம்பளி கொடுத்தார்கள், வேலை கொடுக்கவில்லை என்றார்.

கணக்கப்பிள்ளை:
அது அகதி, இது வியாபாரி. வேறு கணக்கு. கலக்காதீர்கள்.

உழவன்மகன்:
லெபனானைக் கலக்கலாம், அகதியைக் கலக்கக் கூடாது. நல்ல கணக்கப்பிள்ளை!

வண்டிக்காரத்தெரு:
எஸ்ஃபியா என்றதும் நினைவு வந்தது. பிரேசில் முழுக்க இருக்கும் ஹபீப்ஸ் என்ற அராபியச் சாப்பாட்டுக் கடைகள் சிரியர் வெற்றிக்கு நல்ல சாட்சி இல்லையா?

நீலாம்பரி:
அதை ஆரம்பித்தவர் போர்த்துகலில் பிறந்தவர். அங்கே பீட்சாவும் விற்பார்கள்.

தெற்குவாசல்:
ஆக அராபியச் சாப்பாட்டில் காசு பார்த்தவர் போர்த்துகீசியர், அதுவும் இத்தாலியப் பண்டத்தையும் சேர்த்து விற்று. ஐயா, இதை எந்தப் பக்கம் எழுதுவீர்கள், வரவா செலவா?

கணக்கப்பிள்ளை:
நையாண்டி ஆதாரம் ஆகாது. நான் மூன்று தடவை கேட்டுவிட்டேன்: சரக்கோடு வந்தாரா, வரவில்லையா? ஆம் அல்லது இல்லை. இதற்கு நேர்ப் பதில் வராத வரை நீங்கள் தோற்றதாகவே எடுத்துக்கொள்வேன். நாளைக்கு விரிவாக, பகுதி பகுதியாக எழுதுகிறேன். முதல் பகுதி, ஒட்டோமான் பட்டு வியாபாரம்.

சுழியம்:
சராசரி?

மேலக்காற்று:
பட்டு பெய்ரூட் துறைமுகம் வழியாகப் போனது. பெய்ரூட் எங்கே இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கணக்கப்பிள்ளை:
1920க்கு முன் எங்கே இருந்தது என்று நீங்கள் சொல்லுங்கள் பார்ப்போம்.

மேலக்காற்று:
அதே இடத்தில்தான். ஊர் நகரவில்லை. அப்படியானால் 1861க்கு முன் இத்தாலி என்று ஒரு நாடு இருந்ததா? காஸ்டெல்லபாத்தேயில் மத்தராஸோ பிறந்தபோது அது நேப்பிள்ஸ் ராஜாவின் நாடு. அவரை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

தெற்குவாசல்:
மேலக்காற்று, நீங்கள் யார் பக்கம்?

மேலக்காற்று:
யார் பக்கமும் இல்லை. ஊர் பெயரைச் சரியாக எழுதச் சொல்கிறேன், அவ்வளவுதான். உங்கள் முதல் பதிவிலேயே மத்தராஸோவின் ஊருக்கு மாகாணம் போடவில்லை. சலெர்னோ.