வாசலில் விழுந்த சிவப்பு இலை

திருகோணமலையில் நாற்பது வருடமாக வாசல் கூட்டுகிறவள் நான். நாட்டு வாதுமை இலை எனக்கு வெறும் குப்பை. மாசி பிறந்தால் மரம் சிவந்துவிடும்; கூட்டி நிமிர்வதற்குள் அப்பளம் அகலத்தில் இன்னும் பத்து கிடக்கும். ‘வெட்டிவிடுங்கள்’ என்று அவரை எத்தனையோ தரம் நச்சரித்திருக்கிறேன். கேட்கவில்லை.

அவர் போன மறு வருடம் ஒக்டோபரில் மகள் ரொறன்ரோவுக்கு அழைத்தாள். மேப்பிள் இலை பார்க்கவென்றே அங்கே சனங்கள் கார் எடுத்துக்கொண்டு போகிறார்கள். எனக்குச் சிரிப்பு. பேரன்தான் விளக்கினான்: பகல் குறுகியதும் மரம் பச்சையம் உண்டாக்குவதை நிறுத்துகிறது, மறைந்திருந்த மஞ்சள் தெரிகிறது, சிவப்பு மட்டும் அப்போதுதான் புதிதாக ஊறுகிறது. இலையில் மிச்சமுள்ள சத்தை உள்ளே இழுத்துக்கொண்டு காம்படியில் தடுப்புக் கட்டிவிடுகிறதாம். காற்றுத்தான் பிய்க்கிறது என்றேன். ‘இல்லை அம்மம்மா, மரமேதான் விடுகிறது’ என்றான்.

கையில் இருந்த தேநீர் ஆறிப்போயிற்று. அவரும் கடைசி மூன்று மாதம் அதைத்தானே செய்தார்! கொடுக்கல் வாங்கலை முடித்தார். சாவிக்கொத்தை என்னிடம் தந்தார். ஒரு நாள் கோட்டைக்குள் மேயும் மான்களைச் சாட்டாக வைத்து மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கி, கோணேசர் கோயிலுக்கு ஏறி வந்தார். நானோ, நோய் அவரைப் பறித்துவிட்டதென்று கோணேசரோடு கோபித்துக்கொண்டு ஒரு வருடம் அந்தப் பக்கமே போகவில்லை.

ஊர் திரும்பிய மாசியில் ஓர் இலையைக் கையில் எடுத்தேன். காம்பு நுனியில் பிய்ந்த நார் இல்லை, சீவி விட்டதுபோல் மழமழவென்றிருந்தது. கிளையில் வட்டத் தழும்பு. அதற்கும் மேலே, நுனியில், விரல் நகமளவு தளிர்.

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். கல்லால மரத்தடியில் தட்சிணாமூர்த்தி வாய் திறக்காமல் உபதேசித்தார் என்பார்கள். பாதிப் பாடத்தை அந்த மரம் சொல்லியிருக்கும் என்று அன்று தோன்றியது. ஐயர் காதில் விழுந்தால் என்ன சொல்வாரோ!

இப்போதும் தினமும் கூட்டுகிறேன். முதுகு வலிக்கத்தான் செய்கிறது.

*

அக்கா, நீங்கள் எழுதியதை வாசித்தேன். கூட்டியதை எரித்துவிடாதீர்கள். என் மகன் அந்த இலையைக் காயவைத்து, சண்டை மீன் வளர்க்கும் தொட்டியில் போடுகிறான். இரண்டு நாளில் தண்ணீர் தேத்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிடும். மீன் அந்த இலைக்கடியில்தான் தூங்குகிறது. நாங்கள் உப்புவெளியில் இருக்கிறோம், ஒரு பை நிறையக் கிடைத்தால் வந்து எடுத்துக்கொள்வேன்.